வேடந்தாங்கல்: கரையின் இரு புறமும்

தொண்டை மண்டலத்து ஊர்ப்பெயர்களில் அடிக்கடி தென்படும் 'தாங்கல்' என்னும் சொல், மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிறிய ஏரியைக் குறிப்பது. தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் இடையே மின்சார ரயில் நின்று செல்லும் பழவந்தாங்கலும், தாம்பரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் மதுராந்தகம் வட்டத்தில் அமைந்த வேடந்தாங்கலும் அந்தச் சொல்லில் முடியும் ஊர்களே. முன்னது வீடுகள் நெருங்கிய மாநகர்ப் பகுதியாகிவிட, பின்னது இன்றும் நெல் விளையும் சிற்றூராகவே இருக்கிறது. கார்த்திகை தொடங்கி மாசி வரை அதன் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் கூடுவதால், தென்சென்னைப் புறநகர் மக்கள் காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய எழில்மிகு கிராமம் என்ற பெயரும் அதற்கு வாய்த்திருக்கிறது.

அந்த எழில் எப்படி உண்டாயிற்று, எதனால் நிலைத்தது என்பதை அறிந்து செல்பவருக்கே அவ்வூர் முழுமையாகக் கண்ணில் படும். வேடந்தாங்கல் ஏரி தானாகத் தேங்கிய காட்டுக் குளமன்று. உழவர்கள் மண்ணால் கரை போட்டு, மதகு வைத்து, நெல்லுக்கு நீர் பாய்ச்சுவதற்காக ஆக்கிக்கொண்ட பாசன ஏரி. அங்கே பறவைகள் தழைத்ததற்கும் அந்த உழவே முதற்காரணமாக இருந்தது என்பதுதான் இவ்வூரின் தனிச்சிறப்பு.

ஊருக்குச் செல்லும் வழி

தாம்பரமும் வேடந்தாங்கலும், 2019இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே அடங்குகின்றன. ஜி.எஸ்.டி. சாலை என்று அனைவரும் அழைக்கும் தேசிய நெடுஞ்சாலையில் வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் ஆகியவற்றைக் கடந்தால் செங்கல்பட்டின் கொளவாய் ஏரி வருகிறது. அதன்பின் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்துள்ள படாளத்தை அடைந்ததும், கூட்டுரோட்டில் மேற்கே பிரியும் சாலை வேடந்தாங்கலுக்கு இட்டுச் செல்கிறது. ரயிலில் வருபவர்கள் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை மின்சார ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்தைப் பிடிக்கலாம்.

இந்தப் பயணமே ஒரு பாடமாக அமைகிறது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை சாலையின் இரு மருங்கிலும் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் தொடர்ந்து வர, பாலாற்றுக்குத் தெற்கே வயல்களும் அவற்றினிடையே ஏரிக்கரைகளும் தென்படத் தொடங்குகின்றன. ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலமும் ஒரு காலத்தில் இவ்வாறே இருந்தது என்பதற்கு அங்குள்ள ஊர்களின் பெயர்களும், குடியிருப்புகளுக்கு நடுவே எஞ்சி நிற்கும் ஏரிகளுமே சான்றாக உள்ளன.

ஏரி என்னும் ஏற்பாடு

செங்கல்பட்டு வட்டாரத்தை 'ஏரி மாவட்டம்' என்று வழங்குவது வழக்கம். இங்குப் பாலாற்றைத் தவிரப் பெரிய ஆறு கிடையாது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நிலமோ மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிவது. ஓடிவிடும் நீரைப் பிடித்து வைத்தாலன்றி உழவு இல்லை என்ற நிலையில், சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறைவடிவில் மண்கரை எழுப்பி, உயர்ந்த பக்கத்தைத் திறந்தே விட்டு மழைநீரைத் தேக்கும் முறை இப்பகுதியில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நிலைபெற்றது.

இவ்வகை ஏரிக்கு மூன்று வாய்கள் உண்டு. மேட்டு நிலத்தின் நீரையும் மேலே உள்ள ஏரிகளின் உபரியையும் கொண்டுவந்து சேர்ப்பது வரத்துக்கால். கரையில் பொருத்தப்பட்டு, தேவைக்கேற்ப வயலுக்கு நீரைத் திறந்துவிடுவது மதகு. கொள்ளளவுக்கு மேல் வரும் நீரைக் கரை உடையாமல் வழிந்தோடச் செய்வது கலங்கல். ஒரு மதகின் நீரால் விளையும் நிலப்பரப்பை அதன் ஆயக்கட்டு என்பர். ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரியின் வரத்துக்காலாக மாறுவதால், தனித்தனி ஏரிகளாகத் தோன்றுபவை உண்மையில் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகும்.

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர், அதாவது 75 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அருகிலுள்ள மதுராந்தகம் பேரேரியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியதே. ஆயினும் ஏரியின் நீர்ப்பரப்புக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்களும், பின்னாளில் நட்டு வளர்த்த கருவேல மரங்களும் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. அடிமரம் மாதக்கணக்கில் நீரில் மூழ்கியிருந்தாலும் நீர்க்கடம்பு பட்டுப்போவதில்லை. மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பியதும் ஒவ்வொரு மரக்கூட்டமும் ஒரு தீவாகிவிடுகிறது; பூனை, நரி போன்ற விலங்குகளும் மனிதரும் எளிதில் அணுக முடியாதபடி நீரே அகழியாக நின்று காப்பதால், கூடு கட்டுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் பறவைகளுக்கு அமைவது அரிது. ஏரி நிரம்பாத ஆண்டுகளில் பறவைகள் குறைவாக வருவதற்கும், கூடுகட்டாமலே சென்றுவிடுவதற்கும் காரணம் இதுவே.

விருந்தினர் யார், உறவினர் யார்

வேடந்தாங்கலைப் பற்றிப் பரவலாக நிலவும் ஒரு தவறான கருத்து, வெளிநாட்டுப் பறவைகள் ஆயிரக்கணக்கான மைல் பறந்துவந்து இங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன என்பது. உண்மையில், இங்குக் கூடுகட்டும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், சாம்பல் நாரை, வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகம், கொக்கு ஆகியவை பெரும்பாலும் தென்னாசியாவிலேயே வாழ்ந்து, மழைக்கும் இரைக்கும் ஏற்ப இடம் மாறுபவை. இதை உள்நாட்டு வலசை என்பர். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் போன்ற வாத்துகளும் சில உள்ளான் இனங்களுமே மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் வருகின்றன. அவை அங்கே கோடையில் இனப்பெருக்கம் செய்துவிட்டு, நீர்நிலைகள் உறையும் குளிர்காலத்தைக் கழிக்க இங்கு வருபவை. இங்கே கூடு கட்டுவதில்லை. முன்னவற்றை ஊருக்கு உறவினர் என்றும் பின்னவற்றை விருந்தினர் என்றும் சொல்லலாம்.

கூடுகட்டும் பறவைகளுள் நத்தைகுத்தி நாரை கூர்ந்து கவனிக்கத்தக்கது. அதன் அலகின் இரு பாதிகளும் நுனியில் சேர்ந்து, நடுவில் சிறிய இடைவெளி விட்டு வளைந்திருக்கும். வயல்களிலும் குட்டைகளிலும் கிடைக்கும் நத்தையை அலகால் பிடித்து, நுனியை ஓட்டுக்குள் செலுத்திச் சதையை மட்டும் பிரித்தெடுக்க அந்த அலகு உதவுகிறது. இந்த இடைவெளி பிறப்பில் வருவதன்று. குஞ்சின் அலகு நேராகவே இருந்து, வளர வளர விலகுகிறது. மஞ்சள்மூக்கு நாரை வேறு விதமாக இரை தேடும்: பாதி திறந்த அலகைக் கலங்கிய நீருக்குள் வைத்துக்கொண்டு நடந்து, மீன் அலகில் பட்ட உடனே மூடிப் பிடித்துவிடும். கரண்டிவாயன் தட்டையான அலகை இடமும் வலமும் வீசி நீரைத் துழாவும். பாம்புத்தாரா நீருக்குள் மூழ்கி ஈட்டிபோல மீனைக் குத்தித் தூக்கும். ஒரே ஏரியைச் சுற்றி இத்தனை இனங்கள் ஒன்றோடொன்று அதிகம் மோதாமல் வாழ முடிவது, இரையாலும் இரை தேடும் முறையாலும் அவை வேறுபட்டிருப்பதால்தான்.

இக்காட்சியின் உச்சம் மாலை நான்கு மணிக்கு மேல் தொடங்குகிறது. பகலெல்லாம் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மேய்ந்த பறவைகள் வரிசை வரிசையாகத் திரும்பி, மரங்களின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, கால்களை நீட்டி இறங்குகின்றன. வளர்ந்த நாரைகளுக்குக் குரல் அநேகமாக இல்லாததால் அவை அலகுகளைத் தட்டி ஒலி எழுப்ப, குஞ்சுகளின் இரைச்சலோடு அந்த ஓசை கலந்து கரைவரை கேட்கிறது. மற்றவை கூடடையும் அதே வேளையில், பகல் முழுதும் கிளைகளுக்குள் ஒடுங்கியிருந்த செங்கண் வக்காக்கள் இரைதேடப் புறப்படுகின்றன. வேலை நேரம் முடிந்தவர் வீடு திரும்புகையில் இரவுப் பணிக்காரர் கிளம்புவதைத் தாம்பரம் ரயில் நிலையத்தில் அன்றாடம் காண்பவர்களுக்கு இந்த மாற்றம் புதிதாக இராது.

எச்சத்தின் விலை

பறவைகள் பகலில் தொலைவில் தின்பதும் இரவில் இங்கு வந்து தங்குவதும் உழவுக்கு ஒரு பெரும் ஆதாயமாக முடிகின்றன. சுற்றிலுமுள்ள பல நீர்நிலைகளின் மீனும் நத்தையும் தவளையும், பறவைகளின் வயிறு வழியே எச்சமாக மாறி, இந்த ஒரே ஏரியின் நீரில் வந்து விழுகின்றன. மரக்கிளைகள் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துத் தோன்றுவதும், ஏரிநீர் பாசியால் பச்சை கட்டியிருப்பதும் அதனால்தான். தழைச்சத்தும் மணிச்சத்தும், அதாவது பயிருக்கு இன்றியமையாத நைட்ரஜனும் பாஸ்பரசும், நிறைந்த அந்த நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கையில் உரத்தையும் கூடவே கொண்டு செல்கிறது. மழைக்காலம் ஓய்ந்தபின் மார்கழி, தை மாதங்களில் தொடங்கும் நவரைப் பட்டத்து நெல்லுக்கு ஏரிநீரே துணை என்பதால், பறவைகள் மிகுந்திருக்கும் பருவமும் வயல் நீர் கேட்கும் பருவமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரு நாட்டின் கடற்கரைத் தீவுகளில் குவிந்திருந்த கடற்பறவை எச்சத்தைக் கப்பல் கப்பலாக வெட்டியெடுத்து ஐரோப்பிய வயல்களுக்கு இட்டனர் என்பது உலக வேளாண் வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. அங்கே வெட்ட வெட்டக் குவியல் கரைந்தது. வேடந்தாங்கல் உழவரோ எதையும் வெட்டவில்லை. பறவைகளை விரட்டாமல் விட்டாலே ஆண்டுதோறும் உரம் தானாக வந்து சேரும் என்பதைக் கண்டுகொண்டனர். கர்நாடகத்தின் கொக்கரெபெள்ளூரிலும் ஊர் மரங்களில் கூடுகட்டும் கூழைக்கடாக்களையும் நாரைகளையும் மக்கள் காத்து, எச்சத்தை உரமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தில் பறவைகளின் வருகை ஊருக்கு நல்லதென்று கருதப்படுவதும், சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளாதிருக்கத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதும் இதே மனப்போக்கின் வேறு வடிவங்கள்.

கலெக்டர் தந்த கவுல்

இந்த ஆதாயத்துக்கு இடையூறு நேர்ந்தபோது ஊரார் வாளாவிருக்கவில்லை. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்றது கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் படையினர் சிலர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்டு வேட்டையாடினர். ஊர் மக்கள் அப்போது கலெக்டராக இருந்த லயனல் பிளேசிடம் முறையிட, பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று 1790களின் இறுதியில் அவர் ஒரு கவுல் வழங்கினார். கவுல் என்பது அரசு குடிகளுக்கு எழுதித்தரும் உறுதிமொழிப் பத்திரம். அரபிலிருந்து பாரசீகத்தின் வழியே வருவாய்த்துறை வழக்கில் கலந்த சொல் அது. 1858இல் அக்கால கலெக்டர் அந்த உரிமையைப் புதுப்பித்துக் கொடுத்தார்.

இதே பிளேஸ் துரையை மதுராந்தகம் இன்னொரு வகையில் நினைவில் வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் உடையும் பேரேரியின் கரையைப் பெருமழை நாளில் பார்வையிடச் சென்ற அவர், வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்றும், கரை உடையாதிருந்தால் கட்டித் தருவதாக வாக்களித்தபடி தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்தார் என்றும் ஏரிகாத்த ராமர் கோயிலின் தலவரலாறு கூறுகிறது. செவிவழிக் கதையும் ஆவண வரலாறும் இங்கு ஒரே புள்ளியில் சந்திக்கின்றன: நிலவரியே வருமானமாக இருந்த ஆட்சிக்கு, ஏரி உடையாதிருப்பதும் வயல் விளைவதும் தன் கருவூலத்தைப் பற்றிய கவலையாகவே இருந்தது. பறவைகளின் அழகில் மயங்கிக் கவுல் எழுதப்பட்டதாகக் கொள்வதற்குக் காரணம் ஏதுமில்லை. விளைச்சல் கெடக்கூடாது என்ற குடிகளின் வாதம் கலெக்டரின் காதில் ஏறியிருக்கக்கூடும்.

ஐந்து கிலோமீட்டர் எல்லை

1936இல் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்ட வேடந்தாங்கல், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வலுவான சட்டக் காப்பைப் பெற்றது. 1998இல் ஏரியைச் சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரையிலான நிலம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. முப்பது ஹெக்டேர் ஏரிக்கு இவ்வளவு பெரிய வட்டம் எதற்கு என்னும் கேள்விக்கு விடை பறவைகளின் அன்றாட வாழ்விலேயே உள்ளது. அவை உறங்குவதும் குஞ்சு வளர்ப்பதும் ஏரியில், உண்பது வெளியே. சுற்றியுள்ள ஏரிகளும் வயல்களும் நஞ்சின்றி நீரோடு இருந்தால்தான் கூட்டில் காத்திருக்கும் குஞ்சுக்கு இரை வரும். வீட்டைக் காத்துவிட்டு அடுக்களையைப் பறித்தால் குடும்பம் நடவாது என்பது போன்றதே இது.

2020இல் இந்த எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு எழுந்தபோது, உள்ளூர் மக்களிடமிருந்தும் பறவை ஆர்வலர்களிடமிருந்தும் பலத்த எதிர்ப்புக் கிளம்பியதற்கு அடிப்படை இந்தப் புரிதலே. 2022இல் வேடந்தாங்கலும், அதிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவில் வாத்துகளுக்கும் கரையோரப் பறவைகளுக்கும் பெயர்பெற்ற கரிக்கிலியும், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களைப் பட்டியலிடும் ராம்சார் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டன. ஈரானின் ராம்சார் நகரில் 1971இல் கையெழுத்தானதால் அந்த உடன்படிக்கைக்கு அப்பெயர் வந்தது.

காண வருபவர் கவனத்துக்கு

பருவமழையைப் பொறுத்துப் பறவைகளின் வருகை முன்பின்னாக அமைந்தாலும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே பொதுவாகச் சிறந்தது. அதிகாலையும் மாலையும் செல்வது நன்று. உச்சி வெயிலில் சென்றவர்கள் அமைதியான மரங்களைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்ப நேரும். காணும் பொங்கல் போன்ற விடுமுறை நாட்களின் நெரிசலைத் தவிர்த்து வார நாளில் செல்பவருக்குக் கரையோரப் பாதையும் காட்சிக் கோபுரமும் நிதானமாகக் கிடைக்கும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கையில் உரத்த ஒலிக்கு மிரண்டு தாய்ப்பறவை எழுந்துவிட்டால், அந்தச் சில நிமிடங்களில் காகமோ பருந்தோ கூட்டைக் கொள்ளையிடக் கூடும் என்பதால், சத்தம் போடாதீர் என்ற அறிவிப்பு வெறும் சம்பிரதாயமன்று. பளிச்சென்ற நிற ஆடைகளைத் தவிர்ப்பதும், இருநோக்கியைக் கொண்டு செல்வதும் பயன்தரும்.

ஊர் திரும்பியபின்

தென்சென்னைப் புறநகரும் இதே ஏரிச் சங்கிலியின் நிலமே. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை ஆகிய ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஏரி உண்டு. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்குள் இவை இன்று அடங்கியுள்ளன. பல்லாவரம் பெரிய ஏரியைத் துரைப்பாக்கம் செல்லும் ரேடியல் சாலை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது. இப்பகுதியின் பல ஏரிகளது உபரிநீரைக் கடலுக்கு முன் தாங்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பெருமளவு சுருங்கிவிட்ட போதிலும், எஞ்சிய 1,247 ஹெக்டேர் பரப்பு வேடந்தாங்கலைப் போலவே 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கூழைக்கடாக்களும் பூநாரைகளும் அங்கு இன்றும் வருகின்றன.

புறநகர் ஏரிகளும் வேடந்தாங்கலும் வெவ்வேறு கதியை அடைந்ததற்குக் காரணம் ஏரிக்குள் நிகழ்ந்ததைவிட ஏரிக்குக் கீழே நிகழ்ந்ததில்தான் அதிகம். புறநகரில் ஆயக்கட்டு வயல்கள் மனைகளாகப் பிரிந்தபின் மதகைத் திறக்கவும் வரத்துக்காலைத் தூர்வாரவும் காரணமுள்ளவர் எவரும் இல்லாமல் போயினர். நீர் தேவைப்படாத ஊருக்கு ஏரி ஒரு காலிமனையாகவும், மழைக்காலத்தில் வீட்டுக்குள் புகும் தொல்லையாகவும் மட்டுமே தோன்றியது. வேடந்தாங்கலில் அந்தத் தேவை அறுபடாமல் தொடர்ந்தது. புறநகர் ஏரிகளுக்கு இனி நெல் வயல் திரும்பி வரப்போவதில்லை என்பதால், நிலத்தடி நீர், வெள்ளத் தடுப்பு, மாலை நடை என்று புதிய தேவைகளின் மேல்தான் அவற்றின் காவல் அமைய வேண்டியிருக்கிறது.

வேடந்தாங்கலின் காட்சிக் கோபுரம் ஏரியைப் பார்த்து நிற்பதால், கரையில் நிற்பவர்களின் முகங்களும் இயல்பாக அந்தப் பக்கமே திரும்பியிருக்கின்றன. சற்றே முதுகுப் பக்கம் திரும்பினால், கரைக்குக் கீழே மதகிலிருந்து புறப்படும் வாய்க்காலும், அது நனைக்கும் நாற்றங்காலும், வரப்பில் நத்தை தேடி நடக்கும் ஒன்றிரண்டு நாரைகளும் கண்ணில் படும்.